வீடு எழுவான்கரை, வயல் படுவான்கரை: ஐந்து நாள் நடை

முதல் நாள்: களுதாவளை, தேற்றாத்தீவு, குருக்கள்மடம்

சித்திரை வருசப்பிறப்புக்கு ஊருக்கு வருகிறவள் இந்த முறை பத்து நாள் முந்தியே வந்துவிட்டேன். காரணம் பெரியம்மா. போன தை மாதம் போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, தன்னுடைய குமர்ப் பருவத்தில் எங்கள் ஊர் களுவாஞ்சிகுடியில் இருந்து பக்கத்து ஊர்களுக்கு எந்தெந்த வழியால் நடந்து போனார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் ஒரு கொப்பியை எடுத்து எழுதினேன். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் பஸ் ரோட்டைத் தவிர ஐந்து வழி. இந்த ஊரில் பிறந்து பதினெட்டு வயது வரை இங்கேயே இருந்தவள் நான், அதில் இரண்டுதான் எனக்குத் தெரியும். மற்ற மூன்றும் இன்னும் இருக்கிறதா, கால் வைத்து நடக்க முடியுமா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதனால் நாளுக்கு ஒரு வழி. அக்காவின் மகனுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, பதினான்கு வயது, "சின்னம்மா, நானும் வாறன்" என்று சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கொப்பி இப்போது அவனிடம். தண்ணீர் கிடைக்கிற இடம், நிழல் இருக்கிற இடம், நாய் துரத்துகிற இடம் எல்லாவற்றையும் எழுதுவது அவனுடைய வேலை.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகப் போகிற பெரிய நிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. எங்கள் ஊர் எழுவான்கரையில் இருக்கிறது, இங்கே தென்னையும் மரக்கறியும் வரும், நெல் குறைவு. வீடு இந்தக் கரையில், வயல் அந்தக் கரையில் என்றுதான் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறோம். பெரியம்மா சொன்ன ஐந்து வழியில் நாலு வாவியைக் கடந்து போவது அதனால்தான்.

இன்றைக்கு நடந்தது கடக்காத அந்த ஒரு வழி. காலை ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். ஏப்ரல் 5இல் இருந்து 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிற நாட்கள், பத்து மணிக்குப் பிறகு வெளியில் நடப்பது உடம்புக்கு ஆகாது. களுவாஞ்சிகுடியில் இருந்து வடக்கே போகிற எல்லோரும் இப்போது ஏ4 வீதியால்தான் போகிறார்கள். பெரியம்மாவின் வழி அதற்குக் கிழக்கே, கடலுக்கும் ரோட்டுக்கும் இடையில், ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும் மணல் பாதை.

களுதாவளை வரை பிரச்சினை இல்லை. வெற்றிலைத் தோட்டங்களுக்கு நடுவால் போகிறது. களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர், வெறும் மணலில் அந்தக் கொடியை வளர்த்தெடுக்கிறதைப் பார்த்தால் இந்தச் சனத்தின் உழைப்பு என்ன என்று விளங்கும். மணலில் தண்ணீர் நிற்காது, ஆகவே நாள் தவறாமல் இறைக்க வேண்டும், வெயில் நேராகப் படாமல் மேலே கிடுகு போட வேண்டும். தண்ணீர் ஆழத்தில் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். ஒரு தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அம்மா போத்தலை வாங்கித் தன்னுடைய துரவில் இருந்து நிரப்பித் தந்தார். கடல் முந்நூறு மீற்றரில் இரைகிறது, தண்ணீர் துளி உப்பில்லை.

தேற்றாத்தீவுக்குள் போனதும் மகன் கேட்டான், ஏன் இந்தப் பேர் என்று. தேற்றா மரத்தால் வந்த பேர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அதன் கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவிட்டால் கலங்கல் தண்ணீர் தெளியும். களுவாஞ்சிகுடியில் ஒருவரிடமும் அந்தக் கொட்டை இப்போது இல்லை, தேடிப் பார்த்தேன்.

மாங்காட்டுக்குக் கிட்ட வழி அடைபட்டுவிட்டது. பெரியம்மா சொன்ன ஒழுங்கை நேராகப் போய் ஒரு புது மதிலில் முட்டுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் அதே ஒழுங்கை தொடர்கிறது, ஒரு வளவின் அகலம்தான் இடையில். வீட்டுக்காரரைக் கேட்டால், ஒருவரும் நடக்காத இடம்தானே, நாங்கள் கட்டினோம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. சுற்றி ரோட்டுக்கு வந்து, இருநூறு மீற்றர் லொறிகளுக்குப் பக்கத்தால் நடந்து, திரும்பவும் உள்ளே இறங்கி, செட்டிபாளையம் தாண்டிக் குருக்கள்மடம் போய்ச் சேரும்போது எட்டு மணி. திரும்பும்போது கடற்கரையால் வந்தோம், ஈர மணலில் நடப்பது சுகம், ஆனால் செட்டிபாளையத்துக்குப் பிறகு நிழல் என்று ஒன்றுமே இல்லை. நடக்கிறவர்கள் போகும்போது கடற்கரையாலும் வரும்போது ஒழுங்கையாலும் வாருங்கள். நாங்கள் அதை மாற்றிச் செய்துவிட்டோம்.

இரண்டாம் நாள்: பட்டிருப்புப் பாலம், பெரியபோரதீவு, பழுகாமம்

பட்டிருப்புப் பாலத்துக்கு நாங்கள் போகும்போது இன்னும் இருள். இரண்டு தோணிகள் வலை எடுத்துக்கொண்டு நின்றன, பாலத்துச் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு மீன் வாங்கக் காத்திருந்த வியாபாரிகள் நாலைந்து பேர். வீச்சுவலை விழும்போது வருகிற சத்தத்தை வெளியூரில் இருக்கும்போது பல முறை நினைத்திருக்கிறேன். மழை கொட்டினாற்போல் ஒரு நொடி, பிறகு ஒன்றும் இல்லை.

பாலம் தாண்டினால் படுவான்கரை. நின்று ஒரு மூச்சு இழுத்தாலே வித்தியாசம் தெரியும், அங்கே உப்புக் காற்று, இங்கே வைக்கோலும் சாணமும். யுத்தகாலத்தில் இந்த வித்தியாசத்துக்கு நடுவில் சோதனைச் சாவடி இருந்தது. 2007 வரைக்கும் வாவிதான் எல்லை. வயலுக்குப் போவதற்கே வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, திரும்பி வரும்போது மறுபடியும் நின்ற காலத்தைப் பெரியம்மா கதைக்க மாட்டார். கேட்டால் "அது போயிற்று" என்பார்.

பெரியபோரதீவுக் குளத்தில் நீர் வற்றத் தொடங்கியிருக்கிறது, அதனால் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஒரு மூலையில் குவிந்து நிற்கின்றன. மகன் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டான்.

இங்கிருந்து பழுகாமத்துக்கு நல்ல ரோட்டு இருக்கிறது. பெரியம்மாவின் வழி வட்டைக்குள்ளால், அதாவது வயல்வெளிக்குள்ளால். முன்மாரி வயல்களைத் தை, மாசியில் அறுத்துவிடுவார்கள், பிறகு புரட்டாதி உழவு வரை நிலம் சும்மா கிடக்கும், மாடு மேயும். அதனால் இந்த மாதங்களில் வரம்பில்தான் போக வேண்டும் என்றில்லை, குறுக்கே நேராக நடக்கலாம். ஆனால் நடந்து பார்த்தால் வரம்புதான் நல்லது என்று காலே சொல்லும். அரிதாள் செருப்புக்குள் குத்துகிறது, மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த சேறு கல்லைவிட மோசம், கால் பிரளும். வரம்பில் நடக்கும்போது வக்கடையைப் பார்த்துத் தாண்ட வேண்டும். ஒரு வயலில் இருந்து மறு வயலுக்குத் தண்ணீர் விட வெட்டுகிற வாய்தான் வக்கடை, இப்போது காய்ந்திருக்கும், புல் மூடியிருக்கும், தெரியாமல் கால் போய்விடும். மகனுக்கு அப்படித்தான் போனது, நல்ல காலம் சுளுக்கவில்லை.

பெரியம்மா சொன்னது இது: "வட்டைக்குள்ள இறங்கிப் போனா ஒரு பெரிய வம்மி மரம் நிக்கும் புள்ள, அதில வலக்கைப் பக்கம் கிறுகணும், மறுகா நேர போகச் சரி." நாங்கள் நடந்தோம், நடந்தோம், மருது நின்றது, நாவல் நின்றது, வம்மி இல்லை. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம்.

"வம்மியடியா? அந்தா, அந்த மேடு."

மேட்டில் ஒன்றும் இல்லை, ஒரு தகரக் கொட்டில் மட்டும். "மரம் எங்க?" என்றேன்.

"மரம் 78 சூறாவளியில விழுந்திட்டு. வம்மியடி இரிக்குத்தானே."

1978 கார்த்திகையில் அடித்த அந்தச் சூறாவளியைப் பற்றி எங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தவள் நான். தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்ததைப் பெரியம்மா சொல்லும்போது கையைச் சரித்துக் காட்டுவார். அப்படியென்றால் அவர் இந்த வழியால் கடைசியாக நடந்தது அதற்கு முந்தி. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக இல்லாத மரத்தில் வலக்கைப் பக்கம் திரும்பிப் போ என்று எனக்குச் சொல்லியிருக்கிறார், நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன், ஏனென்றால் இங்கே நடமாடுகிறவர்கள் அந்தப் பேரை விடவில்லை. போனில் இருக்கிற வரைபடத்தில் இந்த இடம் வெறும் பச்சை.

பெரியவர் எங்களோடு கொஞ்சத் தூரம் வந்தார். எந்த ஊர் என்று கேட்டார், யாருடைய மகள் என்று கேட்டார், பிறகு எந்தக் குடி என்று கேட்டார். குடி என்பது வம்சம் போல, தாய்வழியால் வருவது, அம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. நான் சொன்னதும் பழுகாமத்தில் அதே குடியில் இரண்டு வீட்டின் பேரைச் சொல்லி, "அங்க போய்ச் சோறு தின்னாம போகப்படாது" என்றார். போனோம். ஒரு வீட்டில் ஆள் இல்லை, மற்ற வீட்டில் இருந்த அம்மா, முன்பின் தெரியாத எங்களை இருக்கச் சொல்லி, பழஞ்சோற்றைத் தயிரும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து தந்தார். எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. கல்யாணம் முடித்து ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களுடையது. அந்த வீட்டுத் தாத்தா எங்கள் ஊரில் இருந்து இந்த வட்டை வழியால் நடந்து வந்து மாப்பிள்ளையானவராம். வயலுக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் இந்த வழிகள் என்று நினைத்திருந்தேன்.

திரௌபதையம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். பத்தரை மணி, தார் ரோட்டில் காற்று அலை அலையாக ஆடியது.

மூன்றாம் நாள்: எருவில், மகிளூர், குருமண்வெளித் துறை, மண்டூர்

இதுதான் ஐந்திலும் நல்ல வழி, நடக்க நினைக்கிறவர்கள் ஒன்றே ஒன்று நடப்பதென்றால் இதை நடவுங்கள்.

களுவாஞ்சிகுடியின் வயல் பக்க விளிம்பால் இறங்கித் தென்னந்தோப்புக்குள் போகிறது. எருவில் வரை அரை மணித்தியாலம், முழுக்க நிழல். பெரியம்மா வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு இந்த வழியால்தான் போவார், முழங்கால் வலி வந்த பிறகு ஓட்டோவில் ரோட்டால் போய்வருகிறார். "ஓட்டோவில போனா கோயிலுக்குப் போன மாதிரி இல்ல" என்று ஒவ்வொரு வருசமும் சொல்வார். எங்கள் பக்கத்தில் கண்ணகி கோயில்களில் வருசத்துக்கு ஒருமுறை வைகாசியில்தான் கதவு திறந்து சடங்கு செய்து, கடைசி நாள் குளிர்த்தி பாடி முடிப்பார்கள். மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளைக் குளிர வைக்கிறது. இப்போது பங்குனி, எருவிலிலும் மகிளூரிலும் கதவு பூட்டியிருந்தது, முற்றத்தில் ஆலிலைச் சருகு. சடங்கு நாட்களில் இந்தத் தோப்பு வழி முழுக்கச் சனமாக இருக்குமாம், ஒரு ஊர்ச் சடங்கு முடிய அடுத்த ஊருக்கு என்று, கைக்குழந்தையும் பன்பாயுமாக.

மகிளூர் தாண்டினால் தில்லையும் கண்ணாவும் தெரியத் தொடங்கும். தில்லை மரத்துப் பாலைக் கையில் படவிடக்கூடாது, கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, மகனுக்கு இரண்டு தரம் சொன்னேன். பிறகு குருமண்வெளித் துறை.

எங்கள் மாவட்டத்துத் தமிழில் எனக்கு மிகப் பிடித்த ஒரு சொல் இங்கே இருக்கிறது. தண்ணீருக்கு மேலால் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற அந்த மிதவையை நாங்கள் "பாதை" என்றுதான் சொல்வோம். "பாதை வந்திட்டா?" "பாதை அந்தக் கரையில நிக்கு." "பாதைய விட்டிட்டன்." வெளியூர்க்காரர் கேட்டால் குழம்பிப் போவார்கள், ரோட்டு எப்படி வரும், போகும் என்று. ஆனால் இந்த இடத்தில் நின்று பார்த்தால் வேறு என்ன பேர் வைக்க முடியும்? நிலத்து வழி வந்து தண்ணீரில் முடிகிறது, மற்றக் கரையில் திரும்பத் தொடங்குகிறது, நடுவில் விடுபட்ட துண்டு இரும்பு மிதவையாக அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருக்கிறது.

இருபது நிமிடம் காத்திருந்தோம். ஒரு ஆசிரியை, இரண்டு மீன் வியாபாரிகள், மண்டூரில் நேர்த்தி வைத்திருக்கிற ஒரு குடும்பம், ஒரு சாக்கு நிறைய மரவள்ளிக் கிழங்கு. இப்போது எஞ்சின் பூட்டியிருக்கிறது. முந்திக் கம்பு ஊன்றித் தள்ளுவார்களாம், காற்று எதிர்த்தால் பாதி நாள் போய்விடுமாம். இங்கே பாலம் வேண்டும் என்று சனம் பல காலமாகக் கேட்கிறது. நான் பாதையை நேசிக்கிறவள், ஆனால் பாலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கும்போது துறையில் நின்று அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்ட தாய்மார் மண்டூரில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை இந்தக் கரையில். மழைகாலத்தில் பாதை ஓடாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும், அது பல மடங்கு தூரம்.

நடுத் தண்ணீரில் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள், ஆற்றுவாழை சிக்கிவிட்டது. ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. மகன் கையைத் தண்ணீருக்குள் விடப் போனான், பாதைக்காரர் "முதலை கிடக்கு மகன்" என்று சாதாரணமாகச் சொன்னார், மகன் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மண்டூர் முருகன் கோயில் துறைக்குக் கிட்டத்தான். சின்னக் கதிர்காமம் என்பார்கள். உள்ளே கோபுரமும் ஆரவாரமும் எதிர்பார்த்துப் போனால் ஒன்றும் இருக்காது. கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் இல்லாமல், பேச்சில்லாமல் பூசை செய்கிறார். திரை மூடியே இருக்கும். எத்தனையோ கோயிலில் மைக் வைத்து அலறுவதைக் கேட்டுக் களைத்த காதுக்கு, அந்த அமைதியில் மணி ஒன்று அடிக்கும்போது உடம்பு புல்லரித்தது. மண்டூர், கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் போன்றவை தேசத்துக் கோயில்கள், ஒரு ஊருக்குச் சொந்தமானவை இல்லை. இந்தத் திருவிழா இந்த ஊருக்கு, இந்தத் தொண்டு இந்தக் குடிக்கு என்று முறை பிரித்து வைத்திருக்கிறார்கள். முறை வந்தால் போகாமல் இருக்க முடியாது. அப்படி வருசா வருசம் எத்தனை ஊர்ச் சனம் போய்வந்ததால் தேய்ந்த வழி இது, அதனால்தான் இந்த ஒன்று இன்னும் அழியாமல் தெளிவாகக் கிடக்கிறது. ஆவணித் திருவிழாக் காலத்தில் பாதைக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் விளங்கும்.

கோயில் வீதியில் மோரும் கச்சானும் வாங்கினோம். திரும்பும் பாதையில் அந்த நேர்த்திக் குடும்பமும் இருந்தது, சின்னப் பிள்ளைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள், பிள்ளை தாயின் தோளில் நித்திரை.

நான்காம் நாள்: வெல்லாவெளி, போக முடியவில்லை

பெரியபோரதீவுக்கு முதல் பஸ்ஸில் போய், அங்கிருந்து வட்டைக்குள்ளால் வெல்லாவெளி என்பது திட்டம். ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். வாடியில் காவலுக்கு நின்ற இரண்டு பேர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். ராத்திரி யானை இறங்கியிருக்கிறது, விடியும் வரை வெடி போட்டிருக்கிறார்கள், மூன்றில் இரண்டுதான் காட்டுக்குத் திரும்பியது, ஒன்று பற்றைக்குள் நிற்கிறது. "நீங்க ரோட்டால போங்க தங்கச்சி, இது விளையாட்டில்ல." அவர்களுடைய கண் இரண்டும் சிவந்திருந்தது. வாடிக்குப் பக்கத்தில் வாழைக்கன்று வரிசையாக மிதிபட்டுக் கிடந்தது, ஒரு தண்ணீர்த் தாங்கி உடைந்திருந்தது.

திரும்பிவிட்டோம். மகனுக்கு ஏமாற்றம், அவனுக்கு யானையைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த இருவரின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வெல்லாவெளி, தும்பங்கேணிப் பக்கத்துச் சனம் அறுவடைக் காலம் முழுக்க இப்படித்தான் ராத்திரியைக் கழிக்கிறது, சில வீடுகளில் யானை அடித்துச் செத்த ஆள் இருக்கிறார். ஆகவே இந்தப் பதிவை நம்பி ஒருவரும் இந்த வழியால் போக வேண்டாம். கொப்பியில் மகன் சிவப்புப் பேனையால் அடித்துவிட்டான். பெரியம்மாவிடம் சொன்னேன். தன் காலத்தில் யானை தாந்தாமலைக் காட்டுக்கு அங்கால்தான் என்றார், ஒருமுறைகூட இந்த வட்டையில் பார்க்கவில்லையாம்.

கால் பெருவிரலில் கொப்புளம். உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு இருந்து எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள்: குருக்கள்மடம், அம்பிளாந்துறை, கொக்கட்டிச்சோலை, மண்முனை

பெரியது, எல்லாம் சேர்த்து ஐந்து மணித்தியால நடை. கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு நாலரைக்கே எழும்பினேன். குருக்கள்மடம் வரை பஸ், அந்தத் துண்டை முதல் நாளே நடந்துவிட்டோம்.

குருக்கள்மடத்துத் துறையில் இருந்து அம்பிளாந்துறைக்கும் பாதை ஓடுகிறது. முதல் பாதையில் எங்களைத் தவிர எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், எதிர்க்கரையில் இருந்து வந்த பாதையில் எல்லோரும் மரக்கறியோடு சந்தைக்கு வருகிறவர்கள். நடுவில் சந்திக்கும்போது இரண்டு பக்கமும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சேதி பரிமாறுகிறார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய மாடு காணாமல் போனது. முப்பது வினாடி இருக்கும், அதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அம்பிளாந்துறையில் இறங்கி வடக்கே நடந்தால் கடுக்காமுனை, அரசடித்தீவு என்று ஊர்கள். இந்தப் பக்கத்து ஊர்ப் பேர்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தாலே நிலம் விளங்கும். தீவு, முனை, குடா, துறை. மாரியில் வெள்ளம் ஏறினால் உண்மையிலேயே தீவாகி விடுகிற ஊர்கள். இப்போது பங்குனியில் தூசி, வரட்சி, எருமைகள் சேற்றுக் குழியில் மூக்கை மட்டும் வெளியில் வைத்துக் கிடக்கின்றன. ரோட்டை விட்டு இடையிடையே வரம்பால் குறுக்கு வெட்டினோம், ஒவ்வொரு முறையும் யாராவது வயலுக்குள் நின்று "அங்கால வேலி இரிக்கு, இஞ்சால வாங்க" என்று திருத்தினார்கள். ஒருவர்கூட ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எழுவான்கரையில் ஐந்து பேர் கேட்டார்கள்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு எட்டரைக்கு வந்தோம். கொக்கட்டி மரச் சோலைக்குள் வேடர் ஒருவர் மரத்தை வெட்டும்போது இரத்தம் வந்து, அங்கே லிங்கம் இருக்கக் கண்டார்கள் என்பது ஐதீகம். போர்த்துக்கேயர் வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையைச் சொல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளையும் வளர்வதில்லை. மகன் நந்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தேர் நாளில் வடம் பிடிக்க வருகிற சனம் இந்த வீதி கொள்ளாது. பெரியம்மாவின் கொப்பிக் குறிப்பில் இதற்கு மட்டும் நேரம் இருக்கிறது: "சாமம் ரெண்டு மணிக்கு எழும்பி, கட்டுச்சோறு கட்டி, விடிய முதல் குருக்கள்மடத் துறை."

கோயிலடிக் கடையில் தேத்தண்ணீரும் ரொட்டியும். அப்புறம் மகிழடித்தீவு. இங்கே ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. 1987 ஜனவரியில் இறால் பண்ணையிலும், 1991 ஜூன் 12இல் இந்த ஊருக்குள்ளும் கொல்லப்பட்ட பொதுமக்களை இந்தப் பக்கத்துச் சனம் வருசா வருசம் நினைவுகூர்கிறது. மகனுக்கு இது தெரியாது. நின்று சொன்னேன். அவன் தூபியைப் பார்த்தான், பிறகு நாங்கள் நடந்துவந்த வயலைப் பார்த்தான், "இதுக்குள்ளாலயா ஓடினாங்க?" என்று கேட்டான். ஓம் என்றேன். அதற்குப் பிறகு மண்முனை வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை.

மண்முனைப் பாலம் ஜப்பான் நாட்டு உதவியோடு கட்டி 2014இல் திறந்தது. அதற்கு முந்தி இங்கேயும் பாதைதான், நான் சின்னப் பிள்ளையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் போயிருக்கிறேன். பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்கு மட்டக்களப்பில் இருந்து பஸ்ஸில் நேரே போகலாம், பிள்ளைகள் மேல்வகுப்புக்கு நகரத்துக்குப் போய்வரலாம், நெல் லொறி நேரே வரும். நடுப் பாலத்தில் நின்று பார்த்தேன், பழைய துறைக்கு இறங்குகிற மண் சரிவு இன்னும் தெரிகிறது, அதில் இரண்டு தோணி கவிழ்த்து வைத்திருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கு இந்தப் பாலத்தில் பத்து மணிக்குப் பிறகு ஒதுங்க ஒரு அடி நிழல் கிடையாது, குடை கொண்டுவாருங்கள். நேரம் பத்தே முக்கால், எங்களுடைய நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது.

ஏ4 வீதிக்கு வந்து கல்முனை பஸ்ஸில் ஏறினோம். ஐந்து மணித்தியாலம் நடந்து சுற்றியதை பஸ் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டது.

வீட்டில் பெரியம்மா கொப்பியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். மாங்காட்டு மதிலுக்கு வந்ததும் அந்த வளவு முந்தி யாருடையது என்று சொன்னார், வம்மியடிப் பக்கத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் எருவில் வழியை மகன் படமாகவே கீறி வைத்திருக்கிறான், தென்னந்தோப்பு, கிணறு, ஒரு சாய்ந்த மரம், ஒரு மதகுக் கட்டு. அந்த மரத்துக்கும் கட்டுக்கும் பக்கத்தில் மட்டும் சிறு வட்டம். என்ன என்று கேட்டேன். வைகாசியில் கதவு திறக்கும்போது பெரியம்மாவை ஓட்டோவில் விடாமல் இந்த வழியால் நடத்திக் கூட்டிப்போகப் போகிறானாம், அந்த இரண்டும் அவர் இருந்து ஆறுகிற இடம்.

"ரெண்டு காணாது, மூண்டாப் போடு" என்றார் பெரியம்மா.